மறைக்கலாம், பொய் சொல்லக் கூடாது: குறுக்கெழுத்தின் நூறாண்டுக் கதை



இன்னைக்கு சுகர் இல்லை, பிரஷர் இல்லை, கொலஸ்ட்ரால் இல்லை. ஒரு வரலாறு சொல்லப் போறேன். இழை கொஞ்சம் நீளமா போகும், டீயோட உட்கார்ந்து படிங்க. மருத்துவம் தானா வந்து சேரும்.

முதலில் ஒரு புதிர்.

"வால் போன தலைவனும் தலை போன எலியும் சேர்ந்தால் மாத்திரை தேட வைக்கும் (4)"

அடைப்புக்குறிக்குள் இருக்கும் 4, விடையில் எத்தனை எழுத்து என்பதைச் சொல்கிறது. ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு கீழே வாங்க.

யோசிச்சாச்சா?

'தலைவன்' என்ற சொல்லின் வாலை, அதாவது கடைசி எழுத்தை வெட்டுங்க: தலைவ. 'எலி'யின் தலையை, அதாவது முதல் எழுத்தை வெட்டுங்க: லி. இரண்டையும் ஒட்டுங்க. தலைவலி! மாத்திரை தேட வைப்பது அதுதானே?

முதல் தடவை படிக்கும்போது ஏதோ அரசியல் நையாண்டி மாதிரி இருந்திருக்கும். விடை தெரிந்த பிறகு திரும்பப் படிச்சுப் பாருங்க. அந்த வரியில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. எல்லாம் கண் முன்னாடியேதான் இருந்தது. நாமதான் வேறு எங்கேயோ பார்த்துக்கிட்டு இருந்தோம்.

இதுதான் கிரிப்டிக் குறுக்கெழுத்து. சாதாரணக் குறுக்கெழுத்தில் "தமிழ்நாட்டின் தலைநகரம் (3)" என்று கேட்பார்கள். தெரிந்தால் எழுதுவோம், தெரியலைன்னா பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம். கிரிப்டிக் வகையில் ஒவ்வொரு குறிப்புக்குள்ளும் இரண்டு வழி இருக்கும். ஒன்று, விடையின் பொருள். இன்னொன்று, விடையை எழுத்து எழுத்தாகக் கட்டித் தரும் சொல் வித்தை. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து முட்டணும். முட்டிவிட்டால், இது சரியா தப்பான்னு பார்க்க நாளைய பேப்பருக்குக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கே தெரிந்துவிடும்.

மருத்துவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. நோயாளி சொல்லும் கதை ஒரு வழி, நாம் தொட்டுத் தட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. இரண்டும் ஒரே வியாதியைக் காட்டினால் நிம்மதி. காட்டாவிட்டால் அன்று இரவு தூக்கம் போச்சு.

சரி, கதைக்கு வருவோம்.

குறுக்கெழுத்து பிறந்தது நியூயார்க்கில். பிறப்பித்தவர் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஆர்தர் வின். 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையின் ஞாயிறு வேடிக்கைப் பக்கம் அவர் பொறுப்பு. 1913 டிசம்பர் 21 அன்று, பக்கத்தை நிரப்ப வைர வடிவத்தில் கட்டங்கள் வரைந்து ஒரு சொல் விளையாட்டு போட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வேர்ட்-கிராஸ்'. சில வாரங்களில் அச்சுக்கூடத்தில் முன்னே பின்னே மாறி 'கிராஸ்-வேர்ட்' என்று வந்துவிட்டது. அந்தப் பிழைதான் இன்றுவரை உலகம் முழுக்கப் பெயர்.

1924-ல் சைமன், ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். முதல் புத்தகமே குறுக்கெழுத்துத் தொகுப்பு, கூடவே ஒரு பென்சிலும் இலவசம். இதைப் போட்டால் நம்ம மானம் போயிடுமோன்னு பயந்து வேறு பெயரில் வெளியிட்டார்கள். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. சைமன் அண்ட் ஷூஸ்டர் இன்று உலகின் பெரிய பதிப்பகங்களில் ஒன்று.

மோகம் தலைக்கேறியதும் பெரிய பத்திரிகைகள் திட்ட ஆரம்பித்தன. 1924-ல் நியூயார்க் டைம்ஸ், இது பாவகரமான நேர விரயம் என்ற ரீதியில் எழுதியது. அதே வருஷம் லண்டன் டைம்ஸ், பாவம் அமெரிக்கா, இதற்கு அடிமையாகிவிட்டதே என்று அனுதாபப்பட்டது. அப்புறம் என்ன ஆச்சு? லண்டன் டைம்ஸ் 1930 பிப்ரவரி 1-ல் தானே குறுக்கெழுத்து போட ஆரம்பித்தது. நியூயார்க் டைம்ஸ் 1942 வரை வீம்பாக இருந்து, போர்க்காலத்தில் மக்களுக்கு மனசைத் திருப்ப ஏதாவது வேணுமேன்னு வழிக்கு வந்தது. செல்போனைத் திட்டும் தாத்தா ஒரு நாள் ஸ்மார்ட்போன் வாங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் ரோஜாப்பூ படத்தோட குட்மார்னிங் அனுப்புவாரே, அதே கதை.

லண்டன் டைம்ஸின் முதல் புதிரைப் போட்டவர் ஏட்ரியன் பெல். கிராமத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டு புத்தகம் எழுதியவர். அதுவரை ஒரு குறுக்கெழுத்தைக் கூட அவர் போட்டுப் பார்த்ததில்லை! அப்பா பத்திரிகைக்காரர், "நீ செய்டா"ன்னு கை காட்டிவிட்டார். அப்படி ஆரம்பித்தவர் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் போட்டுத் தள்ளினார்.

அமெரிக்கக் குறுக்கெழுத்து பெரும்பாலும் பொது அறிவாகவே நின்றது. பிரிட்டிஷ்காரர்கள் கையில் அது வேறு ஜந்துவாக மாறியது. மாற்றியதில் முக்கியமானவர் எட்வர்ட் போயிஸ் மேதர்ஸ். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1926 முதல் 'அப்சர்வர்' வார இதழில் முழுக்க முழுக்க மறைபொருள் குறிப்புகளாலேயே புதிர் போட்டார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கமாடா. யார் அந்த டார்க்கமாடா? மத விசாரணை என்ற பெயரில் ஸ்பெயின் நாட்டையே நடுங்க வைத்த தலைமை விசாரணை அதிகாரி. வாசகரைச் சித்திரவதை செய்வதுதான் என் வேலை என்று பெயரிலேயே சொல்லிவிட்டார் மனுஷன்.

கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் காலத்தில் விளையாட்டுக்கு எழுதப்பட்ட விதி கிடையாது. போடுபவர் மனசுபோல மறைக்கலாம். கண்டுபிடித்த பிறகும் "இதுதானா?" என்று சந்தேகம் நிற்கும் இடங்கள் உண்டு.

1939-ல் டார்க்கமாடா இறந்ததும் அந்த நாற்காலிக்கு வந்தவர் டெரிக் மக்நட். கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடலில் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்த வாத்தியார். பெயரில்தான் ஹாஸ்பிடல், அது பள்ளிக்கூடம். எங்களை மாதிரி அவருக்கு நைட் டூட்டி கிடையாது. அவரும் ஒரு ஸ்பானிஷ் விசாரணை அதிகாரியின் பெயரையே எடுத்துக்கொண்டார்: ஹிமேனெஸ். ஆங்கிலேயர் வாயில் அது 'ஸிமினீஸ்'. 1971-ல் இறக்கும்வரை அவர் ராஜ்ஜியம்தான்.

இவர் செய்த காரியம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் நடு முடிச்சு. அவர் விளையாட்டுக்கு நியாயம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். 1966-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சாரம் இவ்வளவுதான்: குறிப்பில் விடையின் பொருள் துல்லியமாக இருக்கணும். விடையைக் கட்டும் வழி நேர்மையாக இருக்கணும். இவை இரண்டையும் தவிர வெட்டியாக ஒரு சொல் கூட இருக்கக் கூடாது. படிப்பவரை எங்கே வேண்டுமானாலும் திசை திருப்பு, ஆனால் எழுதியதில் பொய் இருக்கக் கூடாது. அவர் கோட்டையும் அவரவர் வசதிக்கு வளைத்தவர்கள் பின்னால் வந்தார்கள், அது வேறு விஷயம். ஆனால் இன்று எந்த நாட்டில் யார் கிரிப்டிக் போட்டாலும், அந்தக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்றுதான் பேச்சு.

அவருக்கு அடுத்து 1972-ல் வந்த ஜோனதன் கிரவ்தரின் புனைபெயர் அஸெட். டேசா என்ற இன்னொரு விசாரணை அதிகாரியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, பின்னாலிருந்து படித்தால் கிடைப்பது. பெயரே ஒரு புதிர்.

விதி எப்படி வேலை செய்யுதுன்னு தமிழிலேயே ஒன்று பாருங்க.

"பழைய மன்னருக்குள் எருமையேறி வருபவன் (3)"

யாரோ மாடு மேய்த்த ராஜா என்று தோணும். 'உள்' என்ற சொல்லைப் பிடிங்க. 'பழைய மன்னர்' என்ற எழுத்துகளுக்கு உள்ளேயே பாருங்க: பழை-யமன்-னர். எருமையேறி வருபவன் உட்கார்ந்திருக்கிறான்.

கழுத்துக்கு வரும் மாலையையும் ஐந்து மணிக்கு வரும் மாலையையும் வைத்து இரட்டைப் பொருளில் மடக்கலாம். எழுத்துகளைக் கலைத்துப் போடலாம், அதற்கு உதாரணம் கடைசியில் தர்றேன். ஆங்கிலத்தில் பிரபலமான ஒன்று இருக்கு. ஹெச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ என்று எட்டு எழுத்தை மட்டும் வரிசையாகக் கொடுத்துவிட்டு, விடை ஐந்து எழுத்து என்பார்கள். ஹெச்சிலிருந்து ஓ வரை. ஆங்கிலத்தில் 'ஹெச் டு ஓ'. பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி ஞாபகம் இருந்தால் தண்ணீர் கிடைத்துவிடும். இன்னொரு பழைய தந்திரம், 'ஃப்ளவர்' என்று போட்டுவிட்டு ஆறு ஒன்றின் பெயரைக் கேட்பது. 'ஃப்ளோ' ஆவது எதுவோ அது 'ஃப்ளோ-அர்' தானே என்பார்கள். அடிக்கணும்போல இருக்கும், ஆனால் தப்புன்னு சொல்ல முடியாது.

பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகத்தின் ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. சிலேடையும் விடுகதையும் நம்ம பாட்டிகளின் சொத்து. கட்டம் போட்டு, கருப்பு வெள்ளை அடித்து, தினமும் பேப்பரில் போட்டதுதான் அவர்கள் செய்தது.

இப்போ போர்க் காலம்.

1942 ஜனவரி. டெய்லி டெலிகிராஃப் பத்திரிகையின் புதிர்கள் ரொம்ப சுலபமாக இருக்குன்னு வாசகர்களுக்குள் ஒரு சர்ச்சை. எக்சென்ட்ரிக் கிளப் என்ற சங்கத்தின் தலைவர் ஒரு சவால் விட்டார். யாராவது 12 நிமிடத்துக்குள் முடித்துக் காட்டினால், கண்ணிவெடி அகற்றும் கப்பல்காரர்களின் நிதிக்கு 100 பவுண்டு தர்றேன். பத்திரிகை அலுவலகத்தில் போட்டி நடந்தது. சிலர் முடித்தார்கள். ஸ்டான்லி செட்விக் என்பவருக்கு மணி அடித்தபோது ஒரே ஒரு சொல் பாக்கி. ரயிலில் வேலைக்குப் போகும்போது தினமும் புதிர் போடுகிற ஆள் அவர். டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சில வாரம் கழித்து அவருக்கு ராணுவத்திலிருந்து ஒரு கடிதம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஒரு விஷயமாக வந்து பார்க்கவும். போனார். பிளெட்ச்லி பார்க்கில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஜெர்மன் ராணுவத்தின் ரகசியச் செய்திகளை உடைத்த அதே இடம்.

எதுக்கு குறுக்கெழுத்துக்காரர்? சங்கேதம் உடைப்பதில் ஒரு முக்கிய வழி, மறைந்திருக்கும் செய்தியில் எந்தச் சொல் எந்த இடத்தில் வரும் என்று ஊகிப்பது. ஜெர்மன்காரர்கள் ஒழுங்கானவர்கள், வானிலை அறிக்கையை ஒரே மாதிரி ஆரம்பிப்பார்கள். அந்தச் சொல்லை வைத்து நூலைப் பிடித்து உள்ளே போகணும். கண்ணுக்குத் தெரிகிற அர்த்தத்தை நம்பாமல், எழுத்தாகப் பார்க்கப் பழகிய மூளை வேணும். தினமும் ரயிலில் பழகிய மூளை அங்கே பயன்பட்டது.

அதே டெலிகிராஃப், இரண்டு வருஷம் கழித்து உளவுத்துறைக்கே தலைவலி (4) கொடுத்தது.

1944 மே. பிரான்ஸின் நார்மண்டி கரையில் நேசப்படைகள் இறங்கப்போகும் நாள் நெருங்குகிறது. உச்சபட்ச ரகசியம். அந்தச் சமயத்தில் டெலிகிராஃப் குறுக்கெழுத்தின் விடைகளில் மே 2-ல் யூட்டா. மே 22-ல் ஒமாஹா. இரண்டும் அமெரிக்கர்கள் இறங்க வேண்டிய கடற்கரைகளின் சங்கேதப் பெயர். மே 27-ல் ஓவர்லார்ட், மொத்தப் படையெடுப்பின் பெயர். மே 30-ல் மல்பெரி, மிதக்கும் துறைமுகத்தின் பெயர். ஜூன் 1-ல் நெப்டியூன், கடற்படைப் பகுதியின் பெயர். ஜூன் 6 படையெடுப்பு.

புதிர் போட்டவர் லெனர்ட் டா. 1925-ல் டெலிகிராஃபின் முதல் குறுக்கெழுத்தைப் போட்டவரும் இவரே. ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர். உளவுத்துறையிலிருந்து இரண்டு பேர் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இந்தச் சொற்களை ஏன் போட்டாய்? ஏன் போடக் கூடாது என்பதுதான் அவருடைய பதில். துருவித் துருவிக் கேட்டும் ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள்.

உண்மை என்ன? 1984-ல் அவருடைய பழைய மாணவர் ஒருவர் வாய் திறந்தார். வாத்தியார் காலிக் கட்டத்தைக் கொடுத்து, பையன்களைச் சொற்களால் நிரப்பச் சொல்வாராம், பிறகு அவர் குறிப்பு எழுதிக்கொள்வாராம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அமெரிக்க, கனடா நாட்டுப் படை முகாம். சிப்பாய்கள் பேச்சுவாக்கில் உதிர்த்த சொற்களைப் பையன்கள் பொறுக்கிக் கட்டத்தில் போட்டார்கள். இதை எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்கவில்லை, வெறும் தற்செயல் என்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ பையன்கள் கதைதான் சரின்னு படுது. ரகசியத்தை முதலில் தெரிஞ்சுக்கிறது எப்பவுமே சின்னப் பசங்கதான். இதைக் கீழே வார்டு கதையில் திரும்பப் பார்ப்போம்.

சென்னைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. தி இந்து ஆங்கில நாளிதழில் பல பத்தாண்டுகளாக தினமும் கிரிப்டிக் வருகிறது. கிரிட்மேன் போன்ற புனைபெயர்களில் நம்ம ஊர்க்காரர்களே போடுகிறார்கள். காலை ஃபில்டர் காபி, பேனா, கடைசிப் பக்கம் என்று உட்கார்ந்திருக்கும் ரிட்டையர்டு மாமாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் டூட்டி ரூமிலும் பேப்பர் வந்தால் அந்தப் பக்கம் மட்டும் தனியாகக் காணாமல் போகும். அப்புறம் தியேட்டர் டேபிளில் மயக்க மருந்து டாக்டர் "ஏழு எழுத்து, மூணாவது ஆர்" என்பார். தமிழிலும் இந்த வகை உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் போட்ட தமிழ்க் குறுக்கெழுத்துகளைத் தேடிப் படிங்க. தமிழில் இது முடியுமா என்ற சந்தேகம் ஓடிப் போயிடும்.

"டாக்டர், இதைப் போட்டால் ஞாபக மறதி வராதாமே?"ன்னு கமெண்ட்டில் கேட்கப் போறீங்க, தெரியும். சுருக்கமா சொல்றேன். 2022-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. லேசான மறதி ஆரம்பித்த 107 பேர், 78 வாரம். ஒரு பாதிக்கு கம்ப்யூட்டர் மூளை விளையாட்டு, மறுபாதிக்குக் குறுக்கெழுத்து. குறுக்கெழுத்து போட்டவர்கள் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். கொஞ்சம்தான். அதுவும் அமெரிக்க வகை, கிரிப்டிக் இல்லை. டிமென்ஷியாவைத் தடுக்கும்னு இதை வைத்து யாரும் சத்தியம் பண்ண முடியாது. பிரஷரையும் சுகரையும் கட்டுப்பாட்டில் வைங்க, தினமும் நடங்க, காது மந்தமானால் மெஷின் போடுங்க. மீதி நேரத்தில் புதிர் போடுங்க, ஜாலிக்காக.

இனி, நான் இந்த இழையை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான மனிதர்.

ஜான் கிரகாம். இங்கிலாந்தில் பாதிரியார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தவர். 1958-லிருந்து கார்டியன் பத்திரிகைக்குப் புதிர் போட்டார். 1970-களின் பிற்பகுதியில் விவாகரத்து ஆனதால் பாதிரியார் வேலை போனது. அதற்குப் பிறகு புதிர்தான் சோறு போட்டது. புனைபெயர் ஆராகேரியா. நம்ம ஊட்டிப் பக்கம் பார்க்கலாமே, கிளை கிளையாக அடுக்கி நிற்கும் அந்த மரக் குடும்பத்தின் தாவரவியல் பெயர். அதில் ஒரு மரத்துக்கு ஆங்கிலத்தில் 'குரங்கையே குழப்பும் மரம்' என்று பொருள்படும் பெயர் உண்டு, அதனால்தான் அதை எடுத்துக்கொண்டார். வாசகர்கள் அவரை வீட்டுப் பெரியவர் மாதிரி கொண்டாடினார்கள். விதியைக் கொஞ்சம் தளர்வாகப் பிடிப்பவர்தான், ஆனால் ஏமாற்றமாட்டார் என்று அவர் மேல் நம்பிக்கை.

2013 ஜனவரி 11. கார்டியன் வாசகர்கள் வழக்கம்போல பேப்பரைப் பிரித்தார்கள். புதிருக்கு மேலே ஒரு சின்னக் குறிப்பு. ஆராகேரியாவுக்கு 19-ல் 18 இருக்கிறது, அதற்கு 13, 15 என்ற முறையில் சிகிச்சை நடக்கிறது என்ற மாதிரி. எண்கள் மட்டும்தான். அர்த்தம் புரியணும்னா கட்டத்தை நிரப்பணும்.

நிரப்பினார்கள். 18, கேன்சர். 19, உணவுக்குழாய். 13, 15, பேலியேட்டிவ் கேர். மற்ற கட்டங்களிலும் எண்டோஸ்கோப்பி, ஸ்டென்ட், நர்ஸ். ஒரு கட்டத்தில் சூரிய அஸ்தமனம்.

அவருக்கு அப்போது 91 வயது. ஐம்பது வருஷத்துக்கும் மேல் தன்னோடு காலையில் காபி குடித்த மனிதர்களுக்கு, தான் சாகப் போவதை அவர்களுக்கும் தனக்கும் பழக்கமான மொழியிலேயே சொன்னார். அவர்கள் வேகத்திலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஒவ்வொருவரும் தன் கையால், தன் பேனாவால் அந்தச் சொல்லை எழுதினார்கள். மறைத்துத்தான் சொன்னார். ஆனால் பொய் சொல்லவில்லை.

உணவுக்குழாய்ப் புற்றுநோய் எங்கள் அரசு மருத்துவமனை ஓபிக்கு அடிக்கடி வரும். "சோறு இறங்க மாட்டேங்குது, தண்ணி மட்டும் இறங்குது"ன்னு வருவார்கள். எண்டோஸ்கோப்பி போய், சதைத் துணுக்கு எடுத்து, ரிப்போர்ட் வரும். அன்றைக்கு வராந்தாவில் ஒரு பேச்சு நடக்கும். மகன் என்னை ஓரமாகக் கூப்பிடுவார். "சார், அப்பாகிட்ட புண்ணுன்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பேரைச் சொன்னா அவரு அப்பவே போயிடுவாரு."

கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்பதில்லை. பாசம். எனக்கும் அப்பா இருக்கார், புரியுது.

ஆனால் அப்பா என்ன முட்டாளா? ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். "புண்ணுக்கு எதுக்குங்க தம்பி கரண்ட்டு வைக்கிறாங்க?" எங்கள் பக்கம் ரேடியேஷன் சிகிச்சைக்குக் கரண்ட்டு வைக்கிறது என்றுதான் பெயர். "எல்லாரும் புண்ணுங்கறாங்க. ஆனா சண்டை போட்டுட்டுப் போன தங்கச்சி பதினஞ்சு வருஷம் கழிச்சு ஆப்பிள் வாங்கிட்டு வருது. பேரன் என் மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்கிறான்."

பேரனுக்குத் தெரிஞ்சுபோச்சு பாருங்க. சின்னப் பசங்க.

அந்தப் பெரியவருக்கு நாங்கள் கொடுத்திருந்தது நியாயமில்லாத குறிப்பு. பொருள் ஒரு பக்கம் புண் என்கிறது, கட்டிக் காட்டும் எழுத்துகள் வேறொன்றைச் சொல்கின்றன. இரண்டும் எந்த இடத்திலும் முட்டாது. ராத்திரி முழுக்க அதையே தனியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். கேட்கவும் ஆளில்லை. கேட்டால் மகன் மனசு கஷ்டப்படும்னு அவர் மகனிடம் மறைக்கிறார், அப்பா மனசு கஷ்டப்படும்னு மகன் அவரிடம் மறைக்கிறார். மீதியிருந்த நாட்களில் பேசவேண்டியது எவ்வளவோ இருந்திருக்கும். நிலப் பத்திரம் எங்கே இருக்கு என்பதிலிருந்து ஆரம்பித்து.

மறைக்கவே கூடாதா என்றால், அப்படிச் சொல்லலை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு உடைப்பதும் மருத்துவம் இல்லை. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையை இன்று உலகம் முழுக்க மருத்துவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்கான முறை. அதில் தனியாக உட்கார இடம் பார்த்த பிறகு முதல் வேலை, சொல்வது அல்ல, கேட்பது. "உங்களுக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க ஐயா?" அடுத்து, எவ்வளவு தெரிஞ்சுக்க விருப்பம்னு கேட்பது. எல்லாம் தெரியணும் என்பவர் உண்டு. "பையன்கிட்ட சொல்லிடுங்க தம்பி, எனக்கு வேண்டாம்" என்பவரும் உண்டு, அது அவர் உரிமை. அவர் கேட்கும் வேகத்தில், கேட்கும் அளவுக்குக் கட்டம் கட்டமாகப் போகலாம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் கிடையாது.

நான் பார்த்தவரை, கேட்டால் பாதிப் பேர் விடையை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெரியவரிடமும் அதையே கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "அந்த நோவுதானே?" என்றார். ஆமாங்கய்யா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்ட அடுத்த கேள்வி, "வலி இருக்குமா?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது.

பேலியேட்டிவ் கேர் என்றால் கைவிட்டாச்சு என்று அர்த்தம் இல்லை சொந்தங்களே. வலியை அடக்குவது, சோறு தண்ணீர் இறங்க வழி செய்வது, மூச்சுத் திணறலைக் குறைப்பது, வீட்டு ஆட்களுக்குத் தோள் கொடுப்பது, எல்லாம் அதில் அடக்கம். 2010-ல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களிடம் செய்த ஓர் ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே இந்தக் கவனிப்பைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் மனசளவில் நன்றாக இருந்ததோடு சில மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பேலியேட்டிவ் நர்ஸ் வசதியும் இருக்கு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. செலவு கிடையாது.

ஆராகேரியா அந்தப் புதிருக்குப் பிறகும் பத்து மாதம் இருந்தார். புதிர் போடுவதையும் உடனே விட்டுவிடவில்லை. 2013 நவம்பர் 26 அன்று, 92 வயதில் இறந்தார்.

எழுத்துகளைக் கலைத்துப் போடும் வகைக்கு உதாரணம் கடைசியில் தர்றேன்னு சொல்லியிருந்தேனே. இதோ:

"குழம்பிப்போன நகரம், பாவம் செய்தவர் போய்ச் சேரும் இடம் (4)"

விடையை கமெண்ட்டில் போடுங்க. முதல் ஆள் போட்டதைப் பார்த்து காப்பியடிக்கக் கூடாது.